கழற்றிய பேரிங்கைக் காரின் உரிமையாளரிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் சக்கர பேரிங்கை, அதாவது சக்கரம் தடையின்றிச் சுழல இரு வளையங்களுக்கு இடையே எஃகுக் குண்டுகளை வைத்துச் செய்த பாகத்தை, மாற்றும் பட்டறைகள், கழற்றி எடுத்த பழைய பேரிங்கை வாடிக்கையாளர் கேட்காமலேயே அவர் கையில் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தேய்ந்த பிரேக் பட்டையையும் கறுத்துப்போன காற்று வடிகட்டியையும் எடுத்துக் காட்டும் பட்டறைகள் நிறையவே இருக்கின்றன. பேரிங் என்று வந்துவிட்டால் மட்டும் பில்லில் ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை, அவ்வளவுதான். கழற்றியது எங்கே என்று கேட்டால் குப்பையில் போய்விட்டது என்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் கை கறுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கிறது.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தாதி ஒருவர் குடியிருக்கிறார். இரவு வேலை முடித்து விடியற்காலையில் யீஷூனுக்குத் திரும்புகிறவர். வயதான தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அதே காரில்தான். காருக்கு ஒன்பது வயது. சிலேத்தார் விரைவுச்சாலையில் வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் அடியிலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியிருக்கிறது. முதலில் போன பட்டறை, டயர் தேய்ந்துவிட்டது என்று நான்கையும் மாற்றியது. முனகல் போகவில்லை. அடுத்த பட்டறை, வலது முன்சக்கர பேரிங் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றியது. சத்தம் அடங்கியது. சில மாதங்களில் அதே பக்கம், அதே முனகல். திரும்பப் போய்க் கேட்டதற்கு, பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. அதன் பிறகுதான் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய பேரிங் எங்கே என்றுதான் முதலில் கேட்டேன். அவரிடம் இல்லை. ஆக, முதலில் கழற்றிய பேரிங் உண்மையிலேயே கெட்டிருந்ததா, எதனால் கெட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

டயர் சத்தத்தையும் பேரிங் சத்தத்தையும் பிரித்தறிவது அப்படியொன்றும் மந்திர வித்தை அல்ல. டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். பழைய தார்ச்சாலையில் இரைச்சலாகவும் புதிதாகப் போட்ட சாலையில் அடங்கியும் கேட்கும். கெட்டுப்போன பேரிங்குக்கு எந்தச் சாலையும் ஒன்றுதான். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அதற்கேற்ப, பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் இயந்திரத்தின் ஒலி உடனே இறங்கும். பேரிங்கின் ஒலி கார் மெதுவாகும்வரை இறங்காது. சாலை இடப்புறம் வளையும்போது காரின் எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாய்கிறது. அப்போது முனகல் ஓங்கினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வலப்புறம் வளையும்போது ஓங்கினால் இடப்பக்கம். குண்டுகள் இரண்டு வரிசையாக இருப்பதால் எப்போதாவது இது தலைகீழாகவும் நடக்கும். அதனால்தான் காரைத் தூக்கிப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்கிறேன். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் குற்றவாளி டயர். அந்தத் தாதியிடம் நான்கு புது டயர்களை விற்பதற்கு முன் இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

நம் ஊரில் இதற்குத் தோதான இடம் ஒன்று உண்டு. காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நிலத்தடியில் ஓடுகிறது. சுரங்கத்தில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சுவரோரத் தடத்தில் போனால், சுவர் அந்தப் பக்கத்துச் சக்கரங்களின் ஒலியை அப்படியே காதுக்குத் திருப்பி அனுப்பும். புகையைச் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல்பாதையில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்பவர்களை என்ன சொல்வது? அந்த வேகத்தில் பேரிங் வாய் திறக்காது.

காரைத் தூக்கிய பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ சஸ்பென்ஷனின் கீழ் பால் ஜாயிண்ட்டோ தளர்ந்திருக்கும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் முனை. ஆனால் ஆட்டம் இல்லை என்பதாலேயே பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முனகத் தொடங்கிப் பல மாதங்களுக்குப் பிறகுதான் ஆட்டம் வரும். நம்பகமான வழி, ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுவது. பேரிங்குக்குள் இருக்கும் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலில் தட்டும். நான் தொழில் பழகியது ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு கடையின் ஐந்தடிப் பாதையில். எங்கள் முதலாளியான தவுக்கே நீண்ட திருப்புளியின் முனையை, சக்கரத்துக்குப் பின்னால் பேரிங்கைத் தாங்கியிருக்கும் நக்கிள் என்ற உலோகப் பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதோர எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இன்று அதற்கென்றே மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. திருப்புளியும் இன்னும் வேலை செய்கிறது.

அந்தக் காலத்து டாட்சன் 120ஒய் போன்ற கார்களின் முன்சக்கரத்தில் இருந்தது கூம்பு உருளை பேரிங். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளுக்கு இடையே அடைத்து, நட்டை முறுக்கிப் பிறகு சற்றுத் தளர்த்திக் காட்டர் பின்னைச் செருகினால் மறுபடி ஓடும். தேய்ந்தால் சரிசெய்யலாம். இப்போது வருபவை மூடிய பேரிங்குகள்; கிரீஸை ஆலையிலேயே நிரப்பி இருபுறமும் சீல் வைத்துவிடுகிறார்கள். சரிசெய்ய ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும். சில கார்களில் சக்கரத்தைப் பூட்டும் ஹப்பும் பேரிங்கும் ஒரே உருப்படியாக வரும். போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. இதில் தவறு செய்வது கடினம். தாதியின் கார் போன்ற பல சிறிய கார்களில், முன்சக்கர பேரிங்கை நக்கிளின் துளைக்குள் ஹைட்ராலிக் பிரஸ் கொண்டு அமுக்கி இறக்க வேண்டும். கெட்டிக்காரனையும் அவசரக்காரனையும் பிரிக்கிற இடம் அதுதான்.

பேரிங்கைத் துளைக்குள் இறக்கும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். பிறகு ஹப்பை அதற்குள் அமுக்கும்போது, அடியிலிருந்து உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கு அளவான வளையங்கள் தேவை. அவற்றைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டுக் கையில் அகப்பட்ட சாக்கெட்டை வைத்து அமுக்கினால், டன் கணக்கான அழுத்தம் எஃகுக் குண்டுகள் வழியாகக் கடந்து போகும். ஒவ்வொரு குண்டும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குழியைப் பதித்துவிடும். கார் பட்டறையை விட்டு வெளியே போகும்போது எந்தச் சத்தமும் இருக்காது. வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் பணம் கட்டிவிட்டுப் போவார். அந்தக் குழிகளின் விளிம்பு உதிர உதிர, சில மாதங்களில் முனகல் திரும்பிவிடும். சுத்தியலால் அடித்து இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கத்தில் அச்சிடத் தகாத சொற்கள் வந்துவிடும்.

இன்னும் இரண்டு இடங்களில் வேலை கெடும். பல கார்களில் சக்கர வேகத்தை உணரும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்துச் சீலிலேயே பதிந்திருக்கிறது. பார்வைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். மீண்டும் கழற்றினால் புது பேரிங்கும் வீண். அடுத்தது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் பெரிய நட். இதன் முறுக்கு காருக்குக் கார் மாறும். பல சிறிய கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். இரண்டாகப் பிரிந்திருக்கும் உள் வளையத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்தான். அதை ஏர் கன்னால் கண்மண் தெரியாமல் அடித்து முறுக்குவதும் கெடுதல். முறுக்கி முடிப்பதற்கு முன்பே காரைத் தரையில் இறக்கி உருட்டுவதும் கெடுதல். டார்க் ஸ்பேனரை எடுத்து ஒருமுறை முறுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தாதியை அழைத்துக்கொண்டு சின் மிங்கில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனபோது அங்கிருந்த இளைஞர் யாரும் சொல்லாமலேயே அதைச் செய்தார். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவராம். புது நட்டையும் தயாராக எடுத்து வைத்திருந்தார். பழைய நட்டையே மறுபடி முறுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

அங்கே கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதாவது, சில மாதங்களுக்கு முன் இரண்டாவது பட்டறை போட்ட பேரிங்கை. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது, குண்டுகள் ஓடும் தடத்தின் ஓரத்தில், வளையம் முழுவதும் சுற்றி, குண்டுக்குக் குண்டு எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில் குழிகள். சில குழிகளிலிருந்து எஃகு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. தவறான வளையத்தில் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். கழற்றும்போதும் குழி விழுமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்கலாம். விழும். ஆனால் அன்று விழுந்த குழியின் விளிம்பு பளபளவென்று இருக்கும். அதன் மேல் குண்டு ஓடிய தேய்மானமோ செதில் உதிர்வோ இருக்காது. தாதி அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனார். காருக்கு வயதாகிவிட்டது என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. வாங்கிய தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையில் அந்த இரும்புத் துண்டு இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாதியும் கிடைத்திருக்காது.

பழைய பேரிங் சொல்லும் சங்கதிகள் இதோடு முடிவதில்லை. கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தாலோ தடத்தில் துரு தெரிந்தாலோ தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடேறிய ஹப் வெள்ளத்தில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தெறிக்கிற நீரைத் தடுக்கத்தான் அந்தச் சீல். முங்கிக் குளிப்பதற்கு அல்ல. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியதே, நினைவிருக்கிறதா? இயந்திரமும் இருக்கைகளும் நனைந்த கார்களை உடனே கொண்டுவந்தார்கள். முழங்கால் அளவு நீரில் ஓட்டித் தப்பித்துவிட்டதாக நினைத்தவர்களின் கார்கள் பல மாதங்கள் கழித்து முனகிக்கொண்டு வந்தன. அப்படிப்பட்டவருக்குப் பட்டறை மேல் குறை சொல்ல இடமில்லை. அதையும் பழைய பேரிங்தான் காட்டிக்கொடுக்கும்.

குழிகள் வளையத்தின் ஒரு பகுதியில் மட்டும் கூடிக் கிடந்தால் சாலையோரக் கல்லிலோ பள்ளத்திலோ பலமாக மோதியிருக்கிறது. நம் ஊரில் இடது முன்சக்கரம்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. வளைவில் கல்லை உரசுவது பெரும்பாலும் அந்தப் பக்கம். தடம் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் சூடு. குழியும் இல்லை, துருவும் இல்லை, நீண்ட நாள் ஓடித் தடம் மட்டும் உதிர்ந்திருக்கிறது என்றால் இயல்பான முதுமை, யார் மேலும் பழி இல்லை. முக்கியமாக, வெளி வளையத்தின் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே செம்பழுப்புத் துருத்தூளும் உரசல் கீறலும் இருந்தால் பேரிங் துளைக்குள்ளேயே சுழன்றிருக்கிறது, துளை அகன்றுவிட்டது. அப்போது எவ்வளவு விலை உயர்ந்த பேரிங்கைப் போட்டாலும் நிற்காது, நக்கிளையே மாற்றியாக வேண்டும். இதைப் பார்க்காமல் புது பேரிங்கை இறக்கிவிட்டு, உத்தரவாதம் ஆறு மாதம் என்று பில்லில் எழுதுவதால் என்ன பயன்?

வளையத்தின் விளிம்பில் தயாரிப்பாளரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். என்எஸ்கே, என்டிஎன், எஸ்கேஎஃப் போன்ற பெயர்களில் போலி பேரிங்குகள் உலகெங்கும் புழங்குகின்றன. தயாரிப்பாளர்களின் உலகச் சங்கமே இதற்கு எதிராக இயக்கம் நடத்திக்கொண்டிருக்கிறது. பெட்டியைப் பார்த்து ஏமாறுவது எளிது. அமுக்குவதற்கு முன் புது பேரிங்கின் விளிம்பை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நாணயமான பட்டறைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

பட்டறைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காக்கி புக்கிட்டிலும் ஊபியிலும் வாடகை ஏறிக்கொண்டே போகிறது, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. நான்கு பட்டறைக்குத் தொலைபேசியில் விலை கேட்டுவிட்டு பத்து வெள்ளி குறைவாகச் சொன்னவரிடம் போகிற வாடிக்கையாளர்களும் இதற்குப் பொறுப்புதான். நக்கிளைக் கழற்றி, பழையதை அமுக்கி எடுத்து, ஹப்பில் ஒட்டிக்கொண்ட உள் வளையத்தைப் புல்லர் போட்டு இழுத்து, துளையைத் துடைத்து, புதியதை இறக்கி, அதை நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப்பைப் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். சக்கரத்தின் சாய்வை அமைக்கும் கேம்பர் போல்ட்டைத் தொட்டிருந்தால் சக்கர அலைன்மென்ட்டுக்குத் தனியாகக் கேட்பதும் முறைதான். ஒரு பக்கம் கெட்டதற்காக மறு பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஷாக் அப்சார்பருக்கு அது பொருந்தும். நன்றாக ஓடுகிற பேரிங்கைத் தொடக்கூடாது.

காரை வைத்திருக்க அனுமதிக்கும் சிஓஇ சான்றிதழ் முடிய ஒரு வருடம்தானே இருக்கிறது, முனகினால் முனகட்டும் என்று ஓட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். கார் பத்து வயதை எட்டும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயப் பரிசோதனை. அங்கேயும் யாரும் காரை விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதில்லை. முற்றிப்போன பேரிங்கில் சக்கரம் ஆடும். பிரேக் தட்டு பட்டைகளைத் தள்ளிவிடுவதால் மிதி ஆழமாகப் போகும். கடைசியில் ஹப் இறுகிப் பூட்டிக்கொள்ளலாம், சக்கரமே கழன்று போகவும் செய்யும். தீவு விரைவுச்சாலையின் நடுத்தடத்தில் அது நடந்தால் பாதிக்கப்படப் போவது அந்தக் காரில் இருப்பவர் மட்டுமில்லை. செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கழிக்கப்பட்ட கார்களிலிருந்து எடுத்த நக்கிள், பேரிங்கோடு முழுதாகக் கிடைக்கும். வாங்கும்போது கையால் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பு இல்லாததாகத் தேர்ந்தெடுத்தால் அமுக்கும் வேலையே இல்லை. அவசரக்காரன் அமுக்கிய புது பேரிங்கைவிட அது மேல் என்பது என் கருத்து.

மோட்டார் பட்டறைச் சங்கங்களும் பயனீட்டாளர் சங்கமும் இதை ஒரு வழக்கமாக்க முன்வர வேண்டும். பில்லில் பேரிங்கின் எண்ணை எழுதுங்கள். நட்டை எவ்வளவு முறுக்கினீர்கள் என்று எழுதுங்கள். கழற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். அது இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்துதான் வரும். கழற்றும் முறை அப்படி. அதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பதற வேண்டாம். பின்பெட்டியில் கிரீஸ் ஒட்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் பையை இரட்டையாகப் போட்டுக்கொள்ளலாம். உத்தரவாதக் காலம் முடியும்வரை வைத்திருந்துவிட்டு, பிறகு பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் வரும்போது பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக்,
யீஷூன்